கையெழுத்திட மறுத்த சகோதரிக்கு

கேள்வி: எனக்கு வயது 43. 14 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் கற்பித்து வருகிறேன். சென்ற ஆண்டு எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெண், கணவர் கைவிட்டுப் போனபின், இரண்டு பிள்ளைகளோடு தவித்த நிலையில் எட்டு வாரக் கருவைக் கலைத்துக்கொண்டார். மருத்துவமனைக்கு அவரோடு சென்றவள் நான். கருவும் தேவன் தந்ததே என்றுதான் நம்புகிறேன். ஆயினும் அவரைத் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அண்மையில், எல்லாச் சூழ்நிலைகளிலும் கருக்கலைப்பைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கக் கோரும் மனு ஒன்று சபையில் கையெழுத்துக்கு வந்தது. நான் கையெழுத்திடவில்லை. ‘கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கிறவள் கிறிஸ்தவளாக இருக்க முடியாது’ என்று மூப்பர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அதன்பின் மூன்று மாதங்களாக நான் திருவிருந்தில் பங்குபெறவில்லை. அவர் சொன்னது சரியா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இறையியல் கல்லூரியில் கிறிஸ்தவ அறநெறியைக் கற்பிப்பவன் என்ற முறையிலும், நெடுங்காலமாக ஆற்றுப்படுத்தும் பணியில் இருப்பவன் என்ற முறையிலும், என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூப்பர் சொன்னது சரியல்ல. கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண்ணை அரசு தண்டிக்கக் கூடாது என்று கருதுகிறவர்களில் கிறிஸ்துவை முழு மனதோடு விசுவாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் பெருமளவுக்கு அவர்களோடு நிற்கிறேன். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் நான் எதிர்கொள்ள வேண்டியிருந்த தடைகள் சிறியவையல்ல. அவற்றை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் மட்டும் சொல்வது உங்களை மதிப்பதாகாது என்பதால், சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த மனு உங்களிடம் என்ன கேட்டது என்பதை முதலில் பார்ப்போம். கருவில் இருக்கும் உயிர் தேவனுடைய பார்வையில் அருமையானதா என்று அது கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆம் என்றே எழுதியிருப்பீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. சிறைத்தண்டனை வேண்டுமா என்றுதான் அது கேட்டது. ஒரு செயல் பாவமா என்பது ஒரு கேள்வி. அதைக் காவல் நிலையமும் நீதிமன்றமும் கையாள வேண்டுமா என்பது வேறொரு கேள்வி. விபசாரம் பத்துக் கட்டளைகளில் ஒன்றை மீறுவது. ஆயினும் அதற்குச் சிறைத்தண்டனை கேட்டு எந்த மூப்பரும் மனு எடுத்து வருவதில்லை. இந்த ஒப்புமை முழுமையாகப் பொருந்தாது என்பதை அறிவேன், ஏனெனில் விபசாரத்தில் ஓர் உயிர் அழிவதில்லை. அந்த வேறுபாட்டுக்குப் பின்னர் திரும்பி வருவேன்.

வேதாகமத்தில் கருக்கலைப்பை நேரடியாகப் பெயரிட்டுத் தடைசெய்யும் வசனம் இல்லை. இதைச் சொல்லும்போது சிலர் அதிர்ச்சியடைகிறார்கள், சிலர் வழக்கில் வென்றுவிட்டதுபோல் மகிழ்கிறார்கள், இரண்டுமே அவசரம். ‘நான் உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே உன்னை அறிந்தேன்’ என்று எரேமியா 1:5 கூறுவது ஒரு தீர்க்கதரிசியின் அழைப்பைப் பற்றியது. ‘உருவாக்குமுன்னே’ என்பது கருத்தரிப்புக்கும் முந்தைய நிலையைக் குறிப்பதால், உயிர் எந்த நாளில் தொடங்குகிறது என்பதற்கு அங்கே விடை தேட இயலாது. மறுபுறம், தேவன் ஜீவசுவாசத்தை ஊதிய பின்னரே மனிதன் ஜீவாத்துமாவானான் என்ற ஆதியாகமம் 2:7ஐக் காட்டி, முதல் மூச்சு வரை கரு மனிதனாகாது என்று வாதிடுகிறவர்களும் அந்த வசனத்தின்மேல் அது தாங்காத பாரத்தை ஏற்றுகிறார்கள். வளர்ந்த மனிதனாகப் படைக்கப்பட்ட ஆதாமைக் கொண்டு கருப்பையைப் பற்றிச் சட்டம் வகுக்க முடியாது.

இவற்றைவிட என்னைக் கட்டிப்போடுவது சங்கீதம் 139. ‘என் கருவை உம்முடைய கண்கள் கண்டது’ என்று பாடுகிறவன் சட்டம் எழுதவில்லை என்பது மெய்தான். ஆனால் உருவம் முற்றுப்பெறாத அந்த நாட்களையும் அவன் தன்னுடைய நாட்களாகவே நினைவுகூர்கிறான். மரியாளின் வாழ்த்துதலைக் கேட்டு எலிசபெத்தின் வயிற்றில் துள்ளிய பிள்ளையைக் குறிக்க ‘ப்ரெஃபோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்தும் லூக்கா, அடுத்த அதிகாரத்தில் முன்னணையில் கிடத்தப்பட்ட இயேசுவுக்கும் அதே சொல்லையே பயன்படுத்துகிறார். இவற்றைப் படித்த பின் கருவை வெறும் சதைத் துணுக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இந்தக் கேள்விக்கு மிக அருகில் வரும் சட்டப்பகுதி யாத்திராகமம் 21:22 முதல் 25 வரையிலான வசனங்கள். இருவர் சண்டையிடும்போது கர்ப்பவதி ஒருத்தி அடிபட்டு, அவளுக்கு வேறு சேதமில்லாமல் ‘கர்ப்பம் விழுந்துபோனால்’ அடித்தவன் தண்டம் செலுத்த வேண்டும். சேதமுண்டானால் ஜீவனுக்கு ஜீவன் என்று நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வாசிக்கிறோம். அதாவது கருவின் இழப்புக்குத் தண்டப்பணம், தாயின் உயிருக்கோ உயிர். யூத மரபு பெரும்பாலும் இவ்வாறே புரிந்துகொண்டது. எபிரெய மூலத்தில் ‘அவள் பிள்ளைகள் வெளியே வந்தால்’ என்ற அளவிலேயே இருப்பதால், அது கருச்சிதைவைக் குறிக்கிறதா, உயிருள்ள குறைப்பிரசவத்தைக் குறிக்கிறதா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் உடன்பாடு இல்லை. கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் மொழிபெயர்ப்போ மூன்றாவது வழியொன்றில் சென்றது: கரு இன்னும் உருப்பெறாததாயின் தண்டம், உருப்பெற்றதாயின் ஜீவனுக்கு ஜீவன். ஆதிச்சபை பெரும்பாலும் வாசித்தது இந்தக் கிரேக்க நூலையே என்பதால், ஒரு வசனத்தின் மொழிபெயர்ப்பு பல நூற்றாண்டுக் கிறிஸ்தவச் சிந்தனையின் போக்கையே தீர்மானித்தது.

ஆதிச்சபையின் நிலைப்பாட்டைப் பற்றி மழுப்ப இடமில்லை. முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த ‘திதகே’ என்னும் போதனை நூல், கருக்கலைப்பினால் பிள்ளையைக் கொல்லாதே, பிறந்த குழந்தையையும் கொல்லாதே என்று ஒரே மூச்சில் கட்டளையிடுகிறது. வேண்டாத குழந்தைகளை வெளியே எறிந்துவிடுவது சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்த ரோம உலகில், எறியப்பட்டவர்களின் பக்கம் நின்ற குரல் அது. அந்த மரபின் வாரிசு என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு. கி.பி. 314இல் அன்சிரா நகரில் கூடிய சங்கம், கருவை அழித்த பெண்களைச் சாகும் வரை ஐக்கியத்திலிருந்து விலக்கிவைத்த பழைய விதியைப் பத்து ஆண்டு மனந்திரும்புதலாகக் குறைத்தது. அதே நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பாசில், உருப்பெற்றது, உருப்பெறாதது என்ற நுணுக்கமான பாகுபாட்டை நாங்கள் பார்ப்பதில்லை என்று எழுதினார். ஆனால் அவரும் வாழ்நாள் விலக்கத்தை ஏற்காமல் அதே பத்து ஆண்டுகளையே விதித்தார். பாவம் என்று சொல்வதில் அவர்கள் ஒரு அங்குலமும் பின்வாங்கவில்லை. அதே நேரத்தில், அந்தப் பெண் திரும்பி வருவதற்கான கதவை அவர்கள் அகலப்படுத்திக்கொண்டே வந்தார்கள். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் நம் சபைகள் நினைவில் வைத்திருப்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது.

மேற்குத் திருச்சபையில் அகுஸ்தீன், கிரேக்க வேதாகமத்தின் பாகுபாட்டைப் பின்பற்றி, உருப்பெறாத கருவை அழிப்பதைக் கொலை என்று கூறத் தயங்கினார். 1140ஆம் ஆண்டளவில் கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்டத்திலும் இந்தப் பாகுபாடு இடம்பெற்றது. 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, பகுத்தறிவுள்ள ஆத்துமா கருவுக்குள் பின்னரே வருகிறது என்று கற்பித்தார். 1588இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாகுபாட்டை நீக்கி, எல்லாக் கருக்கலைப்புக்கும் கொலைக்குரிய தண்டனையை விதித்தார்; மூன்றே ஆண்டுகளில், 1591இல், பதினான்காம் கிரகோரி அதைத் தளர்த்தி, பழைய பாகுபாட்டை மீட்டார்; 1869இல் ஒன்பதாம் பயஸ் காலத்தில்தான் அது தண்டனைச் சட்டத்திலிருந்து நீங்கியது. ஆகவே, கருத்தரித்த கணத்திலிருந்தே அது கொலை என்று சபை எக்காலத்திலும் ஒரே குரலில் சொன்னது என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனால் நம் பக்கத்தில் நிற்பவர்கள் இந்த வரலாற்றை எடுத்தாளும்போது ஒரு நேர்மை வேண்டும்: கொலை என்று சொல்லத் தயங்கிய அதே ஆசிரியர்கள் அனைவரும் அதைக் கடும் பாவம் என்றே சொன்னார்கள், அவர்கள் நம்பிய கருவியலும், ஆண் கரு 40ஆம் நாளிலும் பெண் கரு அதற்கு வெகுநாள் பின்னரும் உயிர்பெறுகிறது என்ற அரிஸ்டாட்டிலின் கணக்கும், இன்று நிற்காது.

சீர்திருத்தச் சபைகளின் கதை இன்னும் அண்மையது. 1967இல் நியூயார்க்கில் போதகர்களும் யூத ரபிகளுமாக 21 பேர், தடைச்சட்டம் நடைமுறையில் இருந்தபோதே, பெண்களைப் பாதுகாப்பான மருத்துவர்களிடம் வழிநடத்த முன்வருவதாகப் பகிரங்கமாக அறிவித்தார்கள். இன்று கருக்கலைப்பை மிக உறுதியாக எதிர்க்கும் அமெரிக்காவின் தெற்கு பாப்திஸ்து கூட்டமைப்பு, 1971இல், பாலியல் வன்முறை, கருவின் கடும் குறைபாடு, தாயின் உடல், மன நலத்துக்குக் கேடு போன்ற நிலைகளில் அதை அனுமதிக்கும் சட்டத்துக்காக உழைக்குமாறு தன் மக்களைக் கேட்டுக்கொண்டது. 2003இல் அந்தத் தீர்மானத்துக்காக வருந்தியது. அவர்கள் மாறியது தவறு என்று நான் சொல்லவில்லை. 1971இல் அதற்கு வாக்களித்தவர்களும் கிறிஸ்தவர்களே என்பதை மட்டும் உங்கள் மூப்பருக்கு நினைவுபடுத்த விரும்புகிறேன்.

இதை வாசிக்கும் கத்தோலிக்க வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் நிலை வேறு. 1995இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் நேரடிக் கருக்கலைப்பைக் கடுமையான ஒழுக்கத் தீமை என்று அறிவித்ததோடு, அதை அனுமதிக்கும் சட்டங்களையும் எதிர்க்கக் கோருகிறது. நான் சீர்திருத்த மரபில் நின்று எழுதுவதை உங்கள் திருச்சபையின் போதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே மடல் கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களிடம் நேரடியாகப் பேசி நம்பிக்கை இழக்காதீர்கள் என்கிறது என்பதையும், 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் இந்தப் பாவத்துக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் காலவரையறையின்றி நீட்டித்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளுங்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம், சகோதரி. மூப்பரின் பக்கத்து வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துவைக்கிறேன்: கருவில் இருப்பது மனித உயிர் என்று நம்பிக்கொண்டே, அதை அழிப்பதா வேண்டாமா என்பதை அவரவரிடம் விட்டுவிடலாம் என்று சொல்வது எப்படி? அடிமைமுறை தவறு, ஆனால் அடிமை வைத்துக்கொள்வது அவரவர் மனச்சாட்சி என்று ஒரு கிறிஸ்தவர் சொன்னால் ஏற்போமா? இதற்கு ‘அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்’ என்ற ரோமர் 14:5ஐ விடையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்வதில்லை, ஏனெனில் அந்த அதிகாரம் போஜனத்தையும் விசேஷ நாட்களையும் பற்றியது. மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடைசெய்ய வேண்டியதில்லை என்று அக்வினாஸ் எழுதியதைச் சிலர் காட்டுவார்கள்; ஆனால் சட்டம் தடுத்தேயாக வேண்டியவற்றுக்குக் கொலையையும் களவையும் அவர் அதே இடத்தில் உதாரணமாகச் சொல்கிறார், ஆகவே பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது முறையாகாது.

என் விடை வேறோர் இடத்தில் தொடங்குகிறது. அடிமையை விடுவிப்பதற்கு எவருடைய உடலையும் அரசு எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கருவைச் சட்டத்தால் காக்க வேண்டுமானாலோ, ஒரு பெண்ணின் உடலை, அவளுடைய விருப்பத்துக்கு மாறாக, பல மாதங்கள் அரசின் ஆணைக்குக் கீழ்ப்படுத்த வேண்டும். சாகக்கிடக்கும் தன் பிள்ளைக்குச் சிறுநீரகத்தைக் கொடுக்கத் தாய் கடமைப்பட்டவள் என்று நாம் கருதலாம். கொடுக்க மறுத்தவளைச் சிறையிலடைக்கும் சட்டத்தை நாம் கேட்பதில்லை. இந்த ஒப்புமையிலும் குறை உண்டு: கொடுக்காமல் இருப்பதும் அழிப்பதும் ஒன்றல்ல. அந்தக் குறை என்னை இன்றும் உறுத்துகிறது. ஆயினும், அன்பு கேட்கக்கூடியதையெல்லாம் அரசு கட்டாயப்படுத்தலாம் என்ற முடிவுக்கு என்னால் வர இயலவில்லை. அரசுக்குக் கருப்பையின்மேல் உரிமை கொடுத்தால் அது எந்தத் திசையில் பயன்படும் என்பதையும் கடந்த நூற்றாண்டு காட்டியது. சீனாவில் ஒரு குழந்தைக் கொள்கையின் பெயரால் பெண்கள் கட்டாயக் கருக்கலைப்புக்கு உள்ளாக்கப்பட்டார்கள். ருமேனியாவில் 1966இல் அந்நாட்டின் கம்யூனிஸ்டு ஆட்சியாளர் சவுசெஸ்கு, மக்கள்தொகையைப் பெருக்குவதற்காக, கருக்கலைப்பைத் தடைசெய்தார். ருமேனியாவின் தடையைக் கொண்டுவந்தது தேவனை மறுத்த அரசு. அங்கே மறைவாகச் செய்துகொண்ட கருக்கலைப்புகளால் தாய்மார் மரணம் பெருகியது, 1989இன் இறுதியில் தடை நீங்கியதும் அது விரைவாகக் குறைந்தது.

தடைச்சட்டம் கருக்கலைப்பை ஒழிப்பதைவிட இருளுக்குள் தள்ளுகிறது என்பதே நான் காணும் உண்மை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 7 கோடியே 30 லட்சம் கருக்கலைப்புகள் நடப்பதாகவும், அவற்றில் ஏறத்தாழ 45 விழுக்காடு பாதுகாப்பற்ற முறையில் நடப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கருவுக்கும் தாய்க்கும் சம உரிமை என்று 1983இல் அரசியலமைப்பில் எழுதிக்கொண்ட அயர்லாந்தில், 17 வாரக் கருச்சிதைவு தொடங்கிவிட்ட சவிதா ஹலப்பனாவர், கரு பிழைக்காது என்று தெரிந்தும், அதன் இதயத்துடிப்பு நிற்கும் வரை காத்திருக்க வைக்கப்பட்டு, நோய்த்தொற்றால் 2012 அக்டோபர் 28 அன்று இறந்தார். அவரைக் கண்காணித்ததில் நேர்ந்த மருத்துவத் தவறுகளையும் விசாரணை சுட்டிக்காட்டியது. ஆனால் சட்டத்தைக் குறித்த அச்சம் மருத்துவர்களின் முடிவைப் பாதித்தது என்பதும் அதில் தெளிவாயிற்று. 2018 மே 25 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் அந்தப் பிரிவை நீக்க வாக்களித்தார்கள். கத்தோலிக்கப் பெரும்பான்மை கொண்ட நாடு அது. உங்களிடம் வந்த மனுவில் ‘எல்லாச் சூழ்நிலைகளிலும்’ என்றிருந்தது. அந்த இரு சொற்கள் மட்டுமே போதும், நானும் கையெழுத்திட மறுத்திருப்பேன்.

அதே நேரத்தில், விசுவாசத்தோடு பொருந்தாத ஆதரவும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடமாட்டேன். கரு ஒன்றுமே இல்லை, அதை இழப்பதில் துக்கப்பட ஏதுமில்லை என்று சொல்லும் ஆதரவு சங்கீதம் 139க்கு முன் நிற்க முடியாது. பெண் கரு என்பதற்காக அழிப்பதை உரிமை என்று அழைப்பது, திதகே எதிர்த்த அதே ரோமப் பழக்கத்துக்குத் திரும்புவதாகும். கணவரோ மாமியாரோ வேலை தருபவரோ கொடுக்கும் நெருக்கடியால் ஒரு பெண் ‘தெரிவு’ செய்யும்போது அங்கே தெரிவே இல்லை. தன் மனச்சாட்சி இடம் கொடுக்காத செவிலியரைக் கட்டாயப்படுத்தவும் எவருக்கும் உரிமையில்லை. கருப்பைக்கு வெளியே வாழக்கூடிய நிலையை எட்டிய சிசுவைப் பொறுத்தவரை, தாயின் உயிருக்கோ கடும் உடல்நலக்கேட்டுக்கோ ஆபத்தில்லாத வேளையில் சட்டம் வரம்பு விதிப்பது நியாயம் என்றே நான் கருதுகிறேன். இதில் என்னோடு உடன்படாத நண்பர்கள் எனக்கு இரு பக்கங்களிலும் இருக்கிறார்கள்.

நாசிகளின் கையால் 1945இல் கொல்லப்பட்ட ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் பொன்ஹோபர் கருக்கலைப்பைக் கொலை என்றே எழுதினார். ஆனால் வறுமையாலும் கைவிடப்பட்ட நிலையாலும் நம்பிக்கையிழந்து செய்யப்படும்போது, குற்றம் தனிமனிதரைவிடச் சமூகத்தின்மேல் அதிகமாக விழக்கூடும் என்பதையும் அவர் சேர்த்தே எழுதினார். உங்கள் சபையில் அந்தப் பெண்ணின் கணவர் ஓடிப்போனபோது, மனு தயாரித்தவர்களில் எத்தனை பேர் அவருடைய வீட்டு வாசலுக்குப் போனார்கள்? ‘சுமப்பதற்கரிய பாரமான சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்களின்மேல் சுமத்துகிறார்கள், தாங்களோ ஒரு விரலினாலும் அவைகளைத் தொடமாட்டார்கள்’ என்ற ஆண்டவரின் வார்த்தை இங்கே வலிக்கும்படி பொருந்துகிறது.

திருவிருந்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்களைச் சபை விலக்கவில்லை. ஒரு மூப்பர் கோபத்தில் சொன்ன வாக்கியம் சபையின் தீர்ப்பாகாது. ‘எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து’ என்றுதான் 1 கொரிந்தியர் 11:28 சொல்கிறது. சோதித்தறிந்து விலகியிருக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை உங்களிடம் மெதுவாகக் கேட்க விரும்புகிறேன். மூன்று மாதங்களாக உங்களைத் தடுத்துவைத்திருப்பது அவருடைய வார்த்தை மட்டும்தானா, அல்லது அந்த நாளில் மருத்துவமனையில் அமர்ந்திருந்தபோது உங்களுக்குள் எழுந்து இன்னும் அடங்காத துக்கமா? இந்தப் பணியில் நான் சந்தித்த பெண்களில் பலர், ஒருவரோடு துணைக்குச் சென்றவர்களும்கூட, அரசியல் விவாதமாக எடுத்துவந்த கேள்விக்கு அடியில் அழப்படாத அழுகையை வைத்திருந்தார்கள். அப்படியானால் அதை உங்கள் போதகரிடம் தனியே சொல்லி ஜெபியுங்கள். அதற்கு உங்கள் கருத்தை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

மூப்பரிடம் நேரில் தனியாகப் பேசுங்கள். மத்தேயு 18:15 காட்டும் வழி அதுவே. அந்தக் கூடத்தில் அவர் அப்படிப் பேசியபோது, தன் கடந்த காலத்தை யாரிடமும் சொல்லாத ஒரு பெண்ணாவது அமர்ந்திருக்கக் கூடும் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். நீங்கள் கையெழுத்திட மறுத்ததற்கு விளக்கம் கேட்டால், கைவிடப்பட்ட தாய்மாருக்குச் சபை என்ன செய்யும் என்ற கேள்வியை எழுத்தில் முன்வையுங்கள். அந்தத் தாளில் அவரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட முடியலாம். ஞாயிறு பள்ளியை விட்டுவிடாதீர்கள். அங்கே உங்கள் அரசியல் கருத்தைக் கற்பிக்க வேண்டாம். பிள்ளைகள் அதற்கான வயதில் இல்லை.

கடைசியாக, நீங்கள் துணைக்குப் போன அந்தப் பெண் இப்போது சபைக்கு வருகிறாரா என்று உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. மூப்பரின் வாக்கியம் அவர் காதுக்கும் போயிருக்கும். இந்த வாரம் ஒரு மாலை அவரைப் போய்ப் பாருங்கள். அவருடைய இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள். அவர் விரும்பினால், அடுத்த திருவிருந்துக்கு இருவரும் சேர்ந்தே போங்கள்.